போக்கும் வரவும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று. இங்குள்ளார் ஒவ்வொருவரும் பட்டறிந்ததேயாகும். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கொரோனா என்னும் கொள்ளைநோயின் காரணமாக ஊர்கள் அடைபட்டுக் கிடந்த காலத்தைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகின்றோம். "முடிந்துபோன துன்பத்தை மீண்டும் கிளறுவானேன்?" எனச் சிலர் வினவக்கூடும். துன்பம் நீங்கும்போது அது கற்பித்த பாடமும் உடன் நீங்கிவிடுமாயின், பட்ட துன்பத்தினால் விளைந்த பயன் யாது? தேர்வு முடிந்த அன்றே புத்தகத்தைப் பரண்மேல் எறியும் மாணாக்கனுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லாதொழியுமன்றோ?

தமிழாசிரியராகிய எமக்கு எப்பொருளையும் சொல்லிலிருந்து தொடங்குதலே வழக்கம். 'போக்குவரத்து' என்னும் சொல்லை நோக்குவோம். பேருந்தும் இரயிலும் ஓடுதலையே இக்காலத்தார் அச்சொல்லாற் பெரிதும் குறிக்கின்றனர். நம் ஊர்களில் முதியோர் வழக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. "அவர்கள் வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை" என ஒரு மூதாட்டி கூறுவாராயின், வண்டி ஓடவில்லை என்பது அதன் பொருளன்று; நன்மை தீமைகளுக்கு ஒருவர் வாயிலை மற்றவர் மிதிப்பதில்லை என்பதே பொருளாம். போதலும் வருதலுமே உறவு என்பது நம் முன்னோர் கருத்து. அங்ஙனமாயின், வண்டிகளின் போக்குவரத்து நின்ற காலத்தில் மனிதரின் போக்குவரத்து யாதாயிற்று? இதுவே இன்று யாம் உங்கள்முன் வைக்கும் வினா.

முதற்கண் நிகழ்ந்தவற்றை முறையாக நினைவு கூர்வோம். 2020 மார்ச்சு 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் தாமே வீடுகளினுள் அடங்கியிருக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். அந்நாளோடு பயணிகள் இரயில்களும் நின்றன. தென்னாட்டில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் ஓடிய வண்டிகள், நாடு முழுவதும் ஒருங்கே ஓய்ந்து நின்றது இதுவே முதன்முறையாகும். மார்ச்சு 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிற்று. 21 நாள் என்றனர். அது மே 3 என்றும், மே 17 என்றும், மே 31 என்றும் நீண்டுகொண்டே சென்றது. சூன் முதல் நாளில் மாநிலத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்து, சென்னையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களும் நீங்கலாகப் பேருந்துகளை விட்டனர். சூலை முதல் நாளில் அவையும் நின்றன. செப்டம்பர் 1-இல் மாவட்டத்தினுள்ளும், 7-இல் மாவட்டங்களுக்கிடையேயும் மீண்டும் ஓடத் தொடங்கின. 2021 மே 10-இல் இரண்டாம் முறை முழு ஊரடங்கு வந்தது. மாநிலமெங்கும் பேருந்துகள் ஓடச் சூலை 5 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரசினர் வழிகளை அடைத்ததைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. மனிதன் போகும் வழியே நோயும் போகும் வழியாய் இருந்தது. அவ்வடைப்பு நமக்குள் எதனைக் காட்டிற்று என்பதே எமது நோக்கம்.

நம் பாட்டன்மார் காலத்தில் கொள்வினை கொடுப்பினை யாவும் ஒரு பகலில் மாட்டுவண்டியிற் சென்று மீளும் எல்லைக்குள் அடங்கியிருந்தன. இன்றோ, தந்தை ஊரில் இருப்பார். மூத்த மகன் பெங்களூரில் இருப்பான். இளையவன் சார்ஜாவில் இருப்பான். மகள் கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். இத்தனை தொலைவுகளை இணைத்துக் கட்டிய கயிறு பேருந்தும் இரயிலும் வானூர்தியுமேயாம். உறவு குருதியால் அமைவது என்று நாம் மேடைதோறும் பேசி வந்தோம். அஃது ஒரு பயணச்சீட்டைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை 2020-ஆம் ஆண்டே நமக்குக் காட்டிற்று.

'இ-பாஸ்' என்னும் அனுமதிச் சீட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தொடக்கத்தில் மாவட்ட எல்லையைக் கடக்க மூன்று காரணங்களே ஏற்கப்பெற்றன: திருமணம், அவசர மருத்துவம், நெருங்கிய உறவினரின் இறப்பு. 'நெருங்கிய' என்னும் அவ்வடைமொழியில் எத்தனை குடும்பங்கள் இடறி விழுந்தன! தாய்மாமனின்றி நம் வீடுகளில் மணச்சடங்கு உண்டா? பிறந்த வீட்டுக் கோடியின்றி நம் பெண்டிர் சுடலை செல்வதுண்டா? திருமணத்திற்கு ஐம்பதின்மர், ஈமச்சடங்கிற்கு இருபதின்மர் என்று எல்லை வகுத்தபோது, இருபதின்மர் யாவர் என எண்ணிப் பார்க்கும் நிலை நமக்கு வந்தது. ஆயிரம் பத்திரிகை அச்சடித்துப் பழகிய நாம் விரல்விட்டு எண்ணினோம். கடல் கடந்தோர் நிலையோ இன்னும் கொடிது. கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஈரானிலிருந்தும் நம் நாட்டவரை ஏற்றிக்கொண்டு 'ஜலாஸ்வா' என்னும் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது அந்த ஆண்டு சூன், சூலைத் திங்கள்களில்தான். அதுவரை அங்கிருந்தோர் கைப்பேசியின் வாயிலாகவே அழுதனர். கைப்பேசியின் வாயிலாகவே ஆறுதலும் பெற்றனர்.

யாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டா. 2020 ஆகத்துத் திங்களில், தனியே வாழ்ந்த நம் சமூகத்து மூதாட்டி ஒருவர் இரவில் உயிர் நீத்தார். கொள்ளைநோய் அன்று, முதுமையே காரணம். மக்கள் இருவரும் தொலைவில் இருந்தனர். ஒருவர்க்கும் வர வழியில்லை. ஆயினும் இரண்டு தெருக்களுக்கப்பால் நம்மவர் வீடுகள் ஒன்பது இருந்தன. அங்கே வழி அடைபட்டிருக்கவில்லை, கதவுகளே அடைபட்டிருந்தன. சிலர் வாயிலில் நின்று கைகூப்பிச் சென்றனர். பலர் அதுவும் செய்திலர். அந்த அம்மையாரை நீராட்டியவர் அடுத்த வீட்டுப் பூக்காரப் பெண்மணி. பாடை சுமந்த நால்வர் யாவரெனின், தையற்காரர் ஒருவர், அவர் மகன், பால்காரர், நகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருவர் ஆவர். மகன் முறைக்கு நின்று கொள்ளியிட்டவன் அத்தையற்காரரின் மகன். எம் பள்ளியிற் பயின்றவன். இவர்களுள் ஒருவரும் நம் சமூகத்தைச் சார்ந்தவரல்லர். சார்ஜாவில் இருந்த மகன் மறுநாள் அழைத்து, "என் தாயைச் சுமந்தவர்கள் யார் யார்? பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்டார். நாலு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

அவ்வொன்பது வீட்டாரும் கொடியோர் அல்லர், அஞ்சினர், அவ்வளவே. அச்சம் மனிதனை எவ்வளவு தாழ்த்தும் என்பதற்குச் சென்னை மாநகரமே சான்று. 2020 ஏப்பிரல் 19-இல், நோயாளிகளுக்கு மருத்துவஞ்செய்து அந்நோயாலேயே மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ்செய்ய விடாது ஒரு கூட்டம் தடுத்தது, வண்டியின்மீது கல்லெறிந்தது. நள்ளிரவில் அவருடைய நண்பரான மற்றொரு மருத்துவர் தம் கைகளாலேயே மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார். அதன்பின் ஒரு திங்களும் கழியுமுன், இத்தகைய அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையென அரசு அவசரச் சட்டம் இயற்றியது. பிணத்திற்கு வழி விடுக என்று சட்டம் வந்து சொல்லவேண்டிய நிலைக்கு நாம் இறங்கினோம்.

அக்காலத்தில் 'சமூக இடைவெளி' என்றொரு தொடர் எங்கும் ஒலித்தது. உடல்கள் விலகி நிற்றலே நோய்க்கு வேண்டுவது, சமூகம் விலகுதல் அன்று எனக் கருதி உலக சுகாதார நிறுவனத்தாரும் 2020 மார்ச்சிலேயே 'உடல் இடைவெளி' என்னும் பொருள்படச் சொல்லை மாற்றிக்கொண்டனர். நம் நாட்டிலோ சமூக இடைவெளி பண்டே உள்ளது, கொள்ளைநோய் கொண்டுவந்ததன்று. கடைவாயிலிற் சுண்ணாம்பால் வட்டமிட்டு, அதற்குள் நில்லென்றபோது நமக்குச் சிறிது கூச்சம் இருந்தது. எதிரே வருபவர் நம்மைக் கண்டு ஒதுங்கியபோது நெஞ்சில் ஒரு முள் தைத்தது. பொருளைக் கையில் தராது திண்ணையில் வைத்து அகன்றபோது முகம் சுருங்கிற்று. நமக்கு இது சில திங்கள். தலைமுறை தலைமுறையாக இவ்வாறே நிறுத்தப்பட்டோர் நம் ஊர்களிலேயே உள்ளனர். நிறுத்தியோருள் நம் முன்னோரும் உண்டு. குற்றஞ்செய்தாரெனப் பட்ட குடும்பத்தைத் 'தள்ளிவைத்தல்' என்னும் தண்டனையும் நம் பழைய பஞ்சாயத்தில் இருந்தது. திருமணத்திற்கு எவரும் வாரார். சாவிற்கும் எவரும் வாரார். அத்தண்டனையின் சுவையை 2020-இல் நாம் அனைவரும் ஒருங்கே அறிந்தோம். இனி எவர்க்கும் அதனை விதிக்க நமக்கு மனம் வருமா?

ஊரில் உறவே இல்லாதார் நிலையையும் எண்ணுமின். ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைத்த வடநாட்டுத் தொழிலாளர்க்குக் கூலி நின்றது. திரும்பிச் செல்ல வண்டியில்லை. அவர்களுக்கெனச் சிறப்பு இரயில்கள் புறப்பட்டதே மே முதல் நாளில்தான். மே 8 விடியற்காலையில், மராட்டிய நாட்டில் ஔரங்காபாத்துக்கு அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர் சரக்கு வண்டியில் சிக்கி மாண்டனர். இரயிலைப் பிடிக்கவே அவர்கள் நடந்துகொண்டிருந்தனர்.

ஆசிரியராதலின் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. பத்தாம் வகுப்புத் தேர்வு நடவாமலே அனைவரும் தேர்ச்சி பெற்றதாகச் சூன் 9-இல் அறிவிப்பு வந்தது. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் சென்றன. எம் மாணாக்கர் தெருக்களில் நாலைந்து வீட்டிற்கு ஒரு நல்ல கைப்பேசியே இருந்தது. அது எவர் வீட்டில் இருந்ததோ அவ்வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடமாயிற்று. அத்திண்ணையில் இன்னார் பிள்ளை ஏறலாம், இன்னார் பிள்ளை ஏறலாகாது என எவரும் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமையால் பார்க்கவில்லை என்பீர்கள். மெய்யே. வழியில்லாதபோது இயன்றது, வழியுள்ளபோது இயலாதா என்பதே எமது கேள்வி.

"அங்ஙனமாயின் இச்சங்கம் எதற்கு? கலைத்துவிடலாமே" என ஓர் இளைஞர் எம்மிடம் கேட்டார். வேண்டா என்போம். நம் முன்னோர் பிடியரிசி சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும், கைம்பெண்டிர்க்கு உதவியதும் நற்செயல்களே. ஆயினும் உதவி உறவின் எல்லையோடு நின்றுவிடுமாயின், வழி அடைபடும் நாளில் அது யாருக்கும் எட்டாது. அந்த ஆண்டு திருமணங்கள் இல்லாமையால் நம் சங்கத்து மண்டபம் பல திங்கள் பூட்டிக் கிடந்தது. நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைக்கும் அண்டாக்கள் உள்ளே கவிழ்ந்து கிடக்க, அதே தெருவில் பசித்தோர் இருந்தனர். ஆதலின் மூன்று செய்திகளை இம்மகாசபையின் முன் வைக்கின்றோம்.

ஒன்று: நம் சமூகத்தில் தனித்து வாழும் முதியோர் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஏடு அமைத்தல் வேண்டும். அதில் மக்களின் முகவரிக்கு முன்னே, அடுத்த வீட்டாரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்படல் வேண்டும். அவர் எச்சமூகத்தவர் என்னும் பத்தி அதில் வேண்டா.

இரண்டு: வெள்ளமோ புயலோ கொள்ளைநோயோ, ஊர்க்குத் துன்பம் வரும் நாளில் மண்டபத்தின் கதவும் அடுக்களையும் தெருவார் அனைவர்க்கும் திறக்கப்படும் என விதிகளில் எழுதப்படல் வேண்டும். திறவுகோல் இருவரிடம் இருத்தல் வேண்டும். ஒருவர் வெளியூரில் அடைபட்டாலும் மற்றவர் திறப்பார்.

மூன்று: நம் கல்வி உதவி நிதியில் ஒரு பகுதி, தூய்மைப் பணியாளர், சுடுகாட்டுப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். நம்மவரை இறுதியிற் சுமந்தவர்கள் அவர்கள். இது தருமமன்று, பட்ட கடன்.

இவற்றை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மூன்றாவது தீர்மானத்திற்கு எதிர்ப்பு உண்டு என்பதை யாம் அறிவோம். எதிர்ப்போர் எழுந்து காரணம் கூறட்டும், கேட்போம். கூறுமுன், அந்த ஈராண்டுகளில் தத்தம் இல்லத்து வாயிலுக்கு அரிசி கொணர்ந்தவர் யார், மருந்து கொணர்ந்தவர் யார், பாடை சுமந்தவர் யார் என ஒருமுறை பெயர் சொல்லி எண்ணிப் பார்க்குமாறு மட்டும் வேண்டிக்கொள்கின்றோம்.