தீக்களத்தில் தெளிதமிழ்

(உரை வடிவம்)

 

மொழி எதற்கு என்னும் வினாவிற்கு விடைகள் பல. பாட்டுக்கு என்பார் ஒரு சாரார். வழிபாட்டுக்கு என்பார் மற்றொரு சாரார். ஆட்சிக்கும் கல்விக்கும் என்பார் இன்னொரு சாரார். மூன்றும் உண்மையே. ஆயினும் மொழியை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் வேறொன்றும் உண்டு. உயிர் ஊசலாடும் நொடியில், புகை மூடிய இருளில், ஒருவன் இடும் ஆணை மற்றொருவன் செவிக்குப் பிழையின்றிச் சென்று சேர்கின்றதா என்பதே அது. தீயணைப்பாளர் கம்பியில்லாக் கருவியில் பேசும் பேச்சு அத்தகைய கட்டளைக்கல். அதில் தமிழ் நிற்குமா என்பதே இவ்வுரையின் பொருள்.

இதனை ஆராயக் கப்பலூரினும் பொருத்தமான இடம் அரிது. இங்கே கருமுத்து தியாகராசனார் நிறுவிய நூலாலை இருக்கின்றது. சிறுதொழில்களின் பேட்டை இருக்கின்றது. குமரி நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலையும் மதுரைச் சுற்றுச்சாலையும் இங்கே கூடுகின்றன. பஞ்சு, எண்ணெய், மின்பொறி, சரக்குந்து ஆகிய நான்கும் ஓரிடத்தில் நெருங்கும் ஊர் இது. இங்கே தீப்பற்றினால் திருமங்கலத்து ஊர்தி வரவேண்டும். தீ பெரிதானால் மதுரை ஊர்திகளும் வரவேண்டும். வெவ்வேறு நிலையத்தார் ஒரு களத்தில் கூடும்போது அவர்களைப் பிணைக்கும் கயிறு பேச்சு ஒன்றே.

முதற்கண் அழைப்பைப் பார்ப்போம். 101 எனும் எண்ணையோ, 112 எனும் பொது எண்ணையோ அழைப்பவர் பதற்றத்தில் 'தீ! தீ! ஓடி வாருங்கள்!' என்று கூறிக் கருவியை வைத்துவிடுவது உண்டு. எங்கே வருவது? எடுத்துப் பேசுபவர் கேட்கவேண்டிய வினாக்கள் ஆறு: எந்த இடம்? அருகே என்ன அடையாளம்? எரிவது என்ன? உள்ளே ஆள் உண்டா? ஊர்தி நுழைய வழி எது? அழைப்பவர் எண் என்ன? இவற்றுள் முதலது இடம். இடம் தெரிந்தால் ஊர்தி புறப்பட்டுவிடும், எஞ்சியவற்றை வழியிலேயே தெரிவிக்கலாம். நான்குவழிச் சாலையில் 'சுங்கச்சாவடிப் பக்கம்' என்பது மட்டும் போதாது. மதுரை நோக்கிய தடமா, திருமங்கலம் நோக்கிய தடமா என்பதும் வேண்டும். நடுவே தடுப்பு இருப்பதால், தடம் மாறிய ஊர்தி நெடுந்தொலைவு சென்று திரும்ப நேரும்.

மதுரை நகருக்குள் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. சித்திரை, ஆவணிமூலம், மாசி, வெளி என்னும் நான்கு சுற்றுக்கும் திசைக்கு ஒன்றாக நந்நான்கு தெருக்கள். திசைச்சொல் ஒன்று காதில் விழாவிட்டால் நான்கில் எது என்று அறிவது எப்படி? 2018 பிப்பிரவரி 2-ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. 2020 நவம்பர் 14, தீபாவளி நாள் விடியலில் விளக்குத்தூண் அருகே துணிக்கடைக் கட்டடம் எரிந்து இடிந்தபோது தீயணைப்பாளர் இருவர் மாண்டனர். அவ்வீதிகளின் நெருக்கத்தை அறிந்தவர்க்கு, களத்தில் ஒவ்வொரு சொல்லும் ஓர் உயிரின் எடை உடையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிக் கருவியின் இயல்பு. தீயணைப்பாளர் கையிலுள்ள, மக்கள் 'வாக்கி டாக்கி' என்னும் கருவி தொலைபேசி போன்றதன்று. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். ஏனையோர் கேட்கவே இயலும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் சிதையும். அதன் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. திருப்பரங்குன்றம் போன்ற மலை இடையில் நின்றால் அது மறைக்கும். உயரத்தில் மறுபரப்பி ஒன்றை நிறுவினால் அது வாங்கி மீண்டும் பரப்பும். தடித்த சுவருக்குள்ளும் நிலவறைக்குள்ளும் அலை மெலியும். விசையை அழுத்திய உடனே பேசினால் முதலசை அறுபடும். பேசி முடிக்குமுன் விரலை எடுத்தால் ஈற்றசை அறுபடும்.

இந்த ஈற்றசையில்தான் தமிழுக்கு ஓர் இடர் உண்டு. தமிழில் வினை ஈற்றில் நிற்பது. உடன்பாடும் எதிர்மறையும் அவ்வினையின் கடைசியிலேயே தெரிவது. 'தண்ணி வேணும்', 'தண்ணி வேணாம்' என்னும் பேச்சு வழக்கைக் கூர்ந்து கேளுங்கள். இரைச்சலில் இரண்டும் ஒன்றே. ஒன்று நீரைத் திறக்கும், மற்றொன்று மூடும். இதைக் காட்டித் 'தமிழ் இப்பணிக்கு உதவாது, ஆங்கிலமே தகும்' என்பார் உளர். அவர்கள் தமிழின் மற்றோர் இயல்பை மறந்தனர். தமிழில் சொற்கள் இடம் பெயர்ந்து நிற்கும். வினை முன்னே வரலாம். 'வெளியேறுக! வெளியேறுக! மேல்தளம் சரிகிறது' என ஆணையை முதலில் வைத்து இருமுறை கூறினால் எந்த அசை அறுந்தாலும் பொருள் அறாது. 'திற: தண்ணீர், திற', 'மூடு: தண்ணீர், மூடு' எனின் மயக்கத்துக்கு இடமே இல்லை. நோய் தமிழில் இருப்பின் மருந்தும் தமிழிலேயே இருக்கின்றது.

ஆங்கிலச் சொற்கள் மட்டும் வானத்தினின்று இறங்கினவா? 'ரோஜர்' என்பது ஓர் ஆள்பெயர். 'பெறப்பட்டது' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் குறிக்கப் பழைய எழுத்துப் பட்டியலில் இருந்த சொல் அது. 'மேடே' என்னும் இடர்க்குரல் 'எனக்கு உதவுக' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஓசை. 1920-களில் இலண்டனை அடுத்த குராய்டன் வானூர்தி நிலையத்தில் தோன்றியது. ஆங்கிலேயர் தமக்குத் தேவையானதைத் தாமே வகுத்துக்கொண்டனர், தமிழரும் வகுத்துக்கொள்ளலாம். செருமானியத் தீயணைப்பாளர் மறுமொழி வேண்டும்போது 'வருக' எனவும், செய்தி புரிந்தபோது 'புரிந்தது' எனவும், பேச்சு முடிந்தபோது 'முடிவு' எனவும் பொருள்படும் தம் தாய்மொழிச் சொற்களையே ஆள்கின்றனர். தீயும் அணைகிறது, மொழியும் வாழ்கிறது.

ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தமிழாக்கம் ஆகாது. இங்கே அது கொலையும் ஆகலாம். ஆங்கிலேயத் தீயணைப்பு மரபில் 'ஸ்டாப்' என்றொரு செய்தி உண்டு. 'வந்த படை போதும். இனி உதவி வேண்டா' என்பது அதன் பொருள். அதனை 'நிறுத்து' எனப் பெயர்த்தால் இறைப்பியருகே நிற்பவர் நீரை நிறுத்திவிடுவார்! 'படை போதும்' என்பதே உரிய தமிழ். 'ஸ்டாண்ட் பை' என்பதற்கு 'அருகே நில்' என்பது பிழை, 'காத்திரு' என்க. 'ஐந்து ஊர்தி வேண்டும்' என்றால் இருப்பனவற்றோடு சேர்த்து ஐந்தா, இன்னும் ஐந்தா? ஆங்கிலேய மரபில் அவ்வெண் மொத்தத் தொகையையே குறிக்கும். தமிழில் 'மொத்தம் ஐந்து' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஐயம் தீரும். நாம் எளிதில் கூறும் 'சரி' என்பதும் ஏமாற்றும் சொல். கேட்டுக்கொண்டதற்கும் சரி, செய்ய ஒப்பியதற்கும் சரி. ஆகவே கேட்டதற்குப் 'பெற்றேன்', ஒப்பியதற்குச் 'செய்வேன்', மறுமொழி வேண்டின் 'கூறுக', பேச்சு முடிந்தால் 'முடிவு', உயிருக்கு இடையூறு நேர்ந்தால் 'இடர்! இடர்! இடர்!' என மும்முறை. இச்சொற்களுக்குப் புலமை வேண்டா. ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கும் விளங்கும்.

எண்ணும் எழுத்தும் அவ்வாறே. எழுபதும் எண்பதும், அறுபதும் இருபதும் இரைச்சலில் மயங்கும்; 'ஏழு, சுழி' என இலக்கம் இலக்கமாகக் கூறினால் மயங்கா. லகர ளகர ழகரங்களைக் 'கடல் ல', 'திங்கள் ள', 'தமிழ் ழ' எனலாம். ரகர றகரங்களைக் 'கரும்பு ர', 'காற்று ற' எனலாம். பெற்றவர் அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும், அனுப்பியவர் சரிபார்க்கவேண்டும். திருப்பிச் சொல்லாத செய்தி சேராத செய்தியே.

மறைகுறி எண்களால் பேசுவதே திறமை என்று கருதுவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே துறைக்கொரு குறியெண் வழங்கியதால் பல துறையார் கூடியபோது ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்கவில்லை. எனவே, பல துறையார் கூடும் பணிகளில் தெளிந்த நடைமொழியே பேசவேண்டும் என்பதை 2006 முதல் அந்நாட்டு நடுவணரசு தன் நிதியுதவிக்கு நெறியாக்கியது. சொல் மட்டும் இருந்தும் பயனில்லை என்பதையும் அந்நாடே கற்றது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பாளர் மாண்டனர். வடகோபுரத்தை விட்டு வெளியேறுமாறு இட்ட ஆணை உள்ளே இருந்த பலரது செவிக்கு எட்டவில்லை. கருவியும் சொல்லும் பயிற்சியும் மூன்றும் ஒன்றாய் நிற்கவேண்டும்.

ஆகவே தமிழன்பர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. களத்தில் நிற்பவன் பழகிய சொல்லை எரியும் வீட்டின் முன் நின்று திருத்தலாகாது. பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாய்க் கலப்பது இரண்டினும் கேடு. மாற்றம் பயிற்சிப் பள்ளியில் தொடங்கவேண்டும், சொற்பட்டியல் அச்சாகவேண்டும், எல்லா நிலையத்தாரும் ஒரே நாளில் அதனை மேற்கொள்ளவேண்டும். நூலில் துயிலும் சொல் நாவில் பழகினால்தான் உயிர் காக்கும்.

பொதுமக்கள் கடமையோ இன்றே தொடங்கலாம். ஆலையிலும் பட்டறையிலும் வீட்டிலும் தொலைபேசியின் அருகே அவ்விடத்தின் முழு முகவரியும் அடையாளமும் தமிழில் எழுதி ஒட்டப்படுக. பஞ்சுப் பொதி, வெளித்தீ அணைந்தபின்னும் உள்ளே கனன்று மீண்டும் பற்றக்கூடியது. ஆதலின் எரிவது பஞ்சா, எண்ணெயா, மின்பொறியா என்று சொல்லப் பணியாளர் ஒவ்வொருவரும் பழகுக. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஆறு வினாக்களையும் விடை கூறும் முறையையும் கற்பிக்க. கேட்பவர் 'போதும்' என்னும் வரை கருவியை வைக்கலாகாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க. பிழையற்ற தமிழ் தேர்வில் மதிப்பெண் தரும். தீக்களத்தில் அது உயிரைத் தரும்.