வலிய நீர்க்களிகள்

கொட்டகலையின் தேயிலை மலைகளில், பிரட்டுக் கலைந்ததும் கொழுந்து கொய்யச் செல்லும் பெண் பகலெல்லாம் சரிவிலேயே நிற்கின்றாள். கூடையின் கயிறு தலையை அழுத்துகின்றது. கூடையின் கனமோ முழங்காலில் வந்து சேர்கின்றது. நிறைந்த கூடையுடன் மடுவத்தை நோக்கி இறங்கும்போது, ஒவ்வோர் அடியிலும் அம்முழங்கால் தாங்கும் விசை அவளது உடலின் எடையைப்போலப் பல மடங்காகும். அவ்விசையை முதலில் ஏற்பது எலும்பன்று. எலும்பின் நுனியைப் போர்த்திருக்கும் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள குருத்தெலும்பே.

அக்குருத்தெலும்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகள். அவற்றினிடையே சர்க்கரைச் சங்கிலிகளைத் தாங்கிய பெரு மூலக்கூறுகள் அமைந்து, நீரை ஈர்த்துப் பிடித்துக் கொள்கின்றன. நீர் உப்பித் தள்ளுகின்றது. புரத இழைகள் இழுத்துக் கட்டுகின்றன. இவ்விரண்டின் போட்டியிலேதான் மூட்டின் வலிமை பிறக்கின்றது. இவ்வாறு நீண்ட மூலக்கூறுகளின் வலைக்குள் நீர் தங்கிய பொருளை ஹைட்ரோஜெல் என்பர். தமிழில் நீர்க்களி எனலாம்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் தேய்ந்த இடம் தானே ஆறுவது அரிது. ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி, லயத்து வாசலில் அமர்ந்து எண்ணெய் தேய்ப்பதோடு பலருடைய வைத்தியம் முடிந்துவிடுகின்றது. மூட்டையே மாற்றி, உலோகமும் பிளாஸ்டிக்கும் வைக்கும் பெரிய சத்திரசிகிச்சை உண்டு. தேய்ந்த இடத்தை மட்டும் களியொன்றால் நிரப்ப இயலாதா என்பதே ஆராய்ச்சியாளரின் வினா.

களி செய்வது எளிது. விருந்தில் பரிமாறும் ஜெலியும் புரதக் களிதான். ஆனால் கரண்டி பட்டதும் பிளந்துவிடும். அதன் வலையில் ஒரு கண்ணி அறுந்தால், அதன் பாரமெல்லாம் அடுத்த கண்ணியின்மேல் விழுகின்றது. பழந்துணி ஓரிடத்தில் கிழியத் தொடங்கி நெடுகக் கிழிவது போன்றதே இது.

2003ஆம் ஆண்டு, ஜப்பானின் ஹொக்கைடோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் பிங் கொங் அம்மையாரும் குழுவினரும் இதற்கொரு வழி கண்டனர். இறுக்கமான ஒரு பல்பகுதிய வலைக்குள், நெகிழ்ந்த இன்னொரு வலையைப் பின்னினர். பாரம் ஏறும்போது முதல் வலை ஆங்காங்கே முறிந்து விசையைத் தன்மேல் வாங்கிக் கொள்கின்றது. இரண்டாவது வலை பொருளைச் சிதறாமற் காக்கின்றது. ஏறக்குறைய 90 வீதம் நீராலான அக்களி, சதுர சென்ரிமீற்றருக்கு 170 கிலோகிராம் பாரத்தையும் தாங்கியது. எனினும் முறிந்த வலை மீண்டும் பொருந்தவில்லை. நாள்தோறும் மலையேறும் முழங்காலுக்கு இது பெருங்குறை.

2012இல் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தார், கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்றைப் பல்பகுதியம் ஒன்றுடன் சேர்த்தனர். அல்ஜினேற்றைக் கட்டும் கல்சியப் பிணைப்புகள் அறுந்தாலும் மீளச் சேரவல்லவை. அக்களி தன் நீளத்தைப்போல் 20 மடங்குக்கு மேல் நீண்டும் அறவில்லை.

தேயிலைக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. கடுஞ்சாயத்தைக் குடித்ததும் நாக்குத் துவர்ப்பது, தேயிலையின் பொலிபீனோல்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக் கொள்வதனாலேயே. தோல் பதனிடுவோர் மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைப்பதும் இவ்வகைப் பிணைப்பை நாடித்தான். ஜெலட்டின் களியிலும் துவர்ப்புப் பொருள்களைச் சேர்த்து உறுதி கூட்டுகின்றனர். இதைக் கேட்டு, சாயம் குடித்தால் முழங்கால் உறுதிப்படும் என்று எவரும் எண்ண வேண்டாம். வயிற்றுக்குச் சென்ற சாயம் மூட்டைப் பதனிடுவதில்லை.

புரதத்தை மட்டும் கொண்டே குருத்தெலும்புக்கு நிகரான களியை ஆக்கியவர்கள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஹொங்பின் லீயும் குழுவினரும் ஆவர். 2023இல் அவர்களது ஆய்வு வெளிவந்தது. மடிந்து கிடக்கும் புரதச் சங்கிலிகளை முதலில் விரித்து, நூற்கண்டு சிக்குவதுபோல ஒன்றோடொன்று சிக்கவைத்தனர். பின்னர் ஒளியின் துணையால் சிற்சில இடங்களில் முடிச்சிட்டு, புரதங்களை மறுபடி மடியவிட்டனர். முடிச்சுகள் சில, சிக்கல்கள் பல. இழுக்கும்போது சிக்கல்கள் வழுக்கிச் சென்று விசையைப் பலவிடத்தும் பகிர்கின்றன. குருத்தெலும்பு பழுதுற்ற முயல்களின் மூட்டில் இதை வைத்தபோது, 12 வாரங்களில் அவ்விடம் செப்பமுற்று வரும் குறிகள் தென்பட்டன.

வழுக்கும் களியை எலும்போடு ஒட்டுவதும் எளிதன்று. 2016இல் ஹொக்கைடோக் குழுவினர், எலும்பின் கனிமத்தையே களியின் மேற்பரப்பில் படியவைத்து, முயலின் எலும்பு அதனுள் வளர்ந்து பற்றச் செய்தனர்.

ஆயினும் முயல் கூடை சுமப்பதில்லை. கொட்டகலையின் சரிவுகளில் ஆண்டுக்கணக்காக ஏறியிறங்கும் ஒரு பெண்ணின் முழங்கால் இலட்சக்கணக்கான அடிகளைத் தாங்க வேண்டும். அத்தனை அடிக்கும் இக்களிகள் ஈடுகொடுக்குமா என்னும் சோதனை இனிமேல்தான் நடைபெற வேண்டும்.