ஒரே நிறுவனம், ஒத்த விமானங்கள் ஏன்?



சென்ற வாரம் ஸ்ரீ கெம்பாங்கான் இரவுச் சந்தையில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். "டிவியில வர்ற பொண்ணுதானே? என் மகன் சுபாங்குல விமானப் பராமரிப்புப் படிக்கிறான். ஏ330க்கு லைசென்ஸ் எடுன்னு ஒருத்தர் சொல்றாரு, ஏ350க்கு எடுன்னு இன்னொருத்தர் சொல்றாரு. ரெண்டும் ஏர்பஸ்தானேம்மா? எதுக்கு ரெண்டு செய்றான்?" என்றார். கையில் கங்கோங் கீரைக் கட்டு. நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பையனின் பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால், இன்று ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சாலைக்கு வருவோம். பெரோடுவா மைவியும் செய்கிறது, பெஸாவும் செய்கிறது. இரண்டிலும் 1.3 எஞ்சின் வகை உண்டு. விலையும் பக்கத்தில் பக்கத்தில்தான். பெரிய சாமான் அறை கேட்பவர் பெஸாவுக்குப் போகிறார், மற்றவர் மைவிக்கு. ஒன்றை நிறுத்தினால் அந்த வாடிக்கையாளர் புரோட்டோன் கடைக்குப் போய்விடுவார். விமானத்திலும் பாதிக்கதை இதுதான்.

மீதிக்கதைக்கு நம் மலேசியா ஏர்லைன்ஸைப் பாருங்கள். 2017 இறுதியில் அதற்கு முதல் ஏ350-900 வந்தது, 286 இருக்கைகள். 2024 இறுதியில் முதல் ஏ330நியோ வந்தது, 297 இருக்கைகள். வித்தியாசம் வெறும் 11 பேர்! இரண்டும் அகன்ற உடல், இரண்டிற்கும் இரட்டை எஞ்சின், அவையும் ரோல்ஸ்ராய்ஸ்.

இந்த நிலைமை வந்த விதம் சுவையானது. ஏ330 முதன்முதலில் பறந்தது 1992இல். போயிங் 787ஐ அறிவித்ததும், ஏர்பஸ் அதே ஏ330ஐ மெருகேற்றி 'ஏ350' என்று விற்கப் பார்த்தது. வாங்குவோர் முகம் சுளித்தார்கள். எனவே 2006இல் புத்தம்புது வடிவமைப்புக்கு மாறினார்கள். இன்றைய ஏ350இன் கட்டமைப்பில் 53 விழுக்காடு கலப்பு இழைப் பொருள்.

அத்தோடு ஏ330 ஓய்ந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஓயவில்லை. 2014இல் அதற்குப் புதிய எஞ்சினும் நீண்ட இறக்கையும் கொடுத்து ஏ330நியோ என்று மறுபடி இறக்கினார்கள். உடனே 50 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா? நம்முடைய ஏர்ஆசியா எக்ஸ்.

காரணம் எடை. ஏ350-900 முழுச் சுமையோடு 280 டன்னுக்கு வடிவமைக்கப்பட்டது. ஏ330-900, 251 டன். கோலாலம்பூரிலிருந்து தோக்கியோவுக்குப் போக 280 டன் உடம்பு எதற்கு? அந்தப் பாரத்தைச் சுமக்கவும் எண்ணெய் செலவாகும். இறங்கு கட்டணத்தையும் எடை பார்த்துத்தான் போடுகிறார்கள். ஏர்பஸ் கடைசியாக வெளியிட்ட 2018 விலைப்பட்டியலில் ஏ330-900, 29 கோடியே 64 லட்சம் டாலர். ஏ350-900, 31 கோடியே 74 லட்சம். (பட்டியல் விலை கொடுத்து யாரும் வாங்குவதில்லை. சந்தையில் பேரம் பேசும் நமக்கு இது புரியும்.) தொழிற்சாலையின் பழைய அச்சுகளுக்குப் போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டதால், ஏ330ஐக் குறைத்து விற்க முடிகிறது.

எல்லா ஒற்றுமையும் திட்டமிட்டதல்ல. 1997இல் மெக்டோனல் டக்ளஸை வாங்கிய போயிங்குக்கு, 717 சீதனமாக வந்து சேர்ந்தது. சொந்தப் பிள்ளையான 737-600 ஏற்கெனவே அதே அளவில் இருந்தது. 717இல் 156, 737-600இல் 69 விற்று, இரண்டும் 2006இல் நின்றன.

அளவு தவறினால் என்ன ஆகும்? 2012இல் மலேசியா ஏர்லைன்ஸ் ஏறக்குறைய 490 பேர் அமரும் ஏ380 விமானங்களை வாங்கியது. மொத்தம் ஆறு. இன்று ஒன்றுகூட அதனிடம் இல்லை. 2014இல் அந்நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த கஸானா 600 கோடி வெள்ளித் திட்டம் போட்டது. சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். ஏ380தான் காரணம் என்று சொல்லமாட்டேன். எம்எச்370, எம்எச்17 என்று இரண்டு பேரிடிகள் விழுந்த ஆண்டு அது. ஆனால் பொதுப்பணம் போகிற இடத்தில், 11 இருக்கை வித்தியாசத்தையும் 29 டன் வித்தியாசத்தையும் யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது அந்த அம்மாவுக்கு வருகிறேன். விமானிக்குக் கவலை குறைவு. ஏ330, ஏ350 இரண்டுக்கும் பொதுவான தகுதியை ஐரோப்பிய ஆணையம் 2014இலேயே ஏற்றுக்கொண்டது. சில நாள் மாறுதல் பயிற்சி போதும். பராமரிப்புப் பொறியாளருக்கு அப்படியல்ல. அவருடைய தகுதி, விமானத்தையும் எஞ்சினையும் சேர்த்துப் பதியப்படுகிறது. பழைய ஏ330இன் டிரென்ட் 700 வேறு, நியோவின் டிரென்ட் 7000 வேறு, ஏ350 முற்றிலும் வேறு.

உள்நாட்டில் வேலை என்றால் ஏ330தான் கைகொடுக்கும். மலேசியா ஏர்லைன்ஸ் 2022இல் 20, 2025இல் மேலும் 20 நியோக்களுக்கு ஏற்பாடு செய்தது. அதனிடம் உள்ள ஏ350களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்கப்பூருக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஏ350; அங்கே அது ஏராளம். ஆனால் அம்மா, முதலில் பையன் அடிப்படை லைசென்ஸை முடிக்கட்டும். விமான வகைப் பயிற்சிக்குப் பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனமே அனுப்பும், தன்னிடம் இருக்கும் விமானத்துக்கு. அதற்கு முன்னால் நகையை அடகு வைத்து எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.