நகைப்புக்கு உரியதன்று
(தல்லாகுளத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியைப் பற்றியும் கல்யாணச் செலவைப் பற்றியும் பேசுவதே இம்மேடையின் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டதோ பலரும் பேசக் கூசும் விஷயம். ஸ்திரீகளைப் பலாத்காரம் செய்யும் கொடுமையை விகடமாக்கி, கைப்பேசி வழியே பரப்பும் வழக்கத்தைக் குறிக்கின்றோம். "விளையாட்டுப் பேச்சுதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பர். அந்நஷ்டம் யாதென ஆராய்வோம்.

2021 டிசம்பரில் பெலகாவியில் கூடிய கர்நாடக சட்டசபையில், முன்னாள் சபாநாயகர் ரமேஷ்குமார் பலாத்காரத்தை உவமையாக்கிப் பேசினார். ஆசனத்திலிருந்த சபாநாயகரும் நகைத்தார். தேசமெங்கும் கண்டனம் எழ, மறுநாளே பேசியவர் மன்னிப்புக் கேட்டார். 2023 நவம்பரில் நடிகர் மன்சூர் அலிகான், நடிகை திரிஷாவைப் பற்றி அவ்வகையிலேயே பேசினார். வேடிக்கையாகச் சொன்னதென்ற சமாதானம் எடுபடவில்லை. போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். பின்னர் அவரும் மன்னிப்புக் கோரினார். புகழ்பெற்ற நடிகை எதிர்த்துரைத்தார், உலகம் செவிசாய்த்தது. நம் வீட்டுப் பெண் யாரிடம் சொல்வாள்?

பொள்ளாச்சியை நினைமின்! அங்கே பலர் கொடுமைக்குள்ளாகியும் வாய் திறவாதிருந்தனர். 2019 பிப்ரவரியில் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவள் பெயரை அதிகாரிகளே வெளியிட்டமைக்காக, ரூ. 25 லட்சம் நஷ்டஈடு தருமாறு நம் மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13-இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதிக்கப்பட்டது. சாட்சி சொன்ன பெண்கள் பிறழாது நின்றமையே அத்தீர்ப்புக்கு ஆதாரம்.

ஆகவே, குற்றவாளிக்குப் பெருந்துணை பெண்ணின் மௌனமே. அம்மௌனத்தை வளர்ப்பது எது? தகப்பனும் தமையனும் இவ்விகடங்களைப் படித்து நகைப்பதைக் கூடத்தில் இருக்கும் பெண் கேட்கின்றாள். "எனக்கு நேர்ந்தாலும் இவர்கள் இப்படித்தான் நகைப்பர்" என்று அன்றே தீர்மானித்து விடுகின்றாள். நாளை தீங்கு நேரின் நம்மிடம் சொல்லாள். இதுவே நஷ்டம். வாலிபனோ, பெரியோர் நகைப்பதைக் கண்டு, இஃது அற்பக் காரியம் என்று கற்றுக்கொள்கின்றான்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறுவோம். தம் ஜாதிப் பெண்ணின் மானத்துக்காக மீசை முறுக்குவோரே, பிற ஜாதிப் பெண்ணைப் பற்றிய விகடத்தைக் கூசாமல் அனுப்புகின்றனர். மானத்துக்கு ஜாதி உண்டோ? கண்ணகி நீதி கேட்ட ஊரில் இருந்துகொண்டு இதனைப் பொறுக்கலாமோ?

சட்டமும் சும்மா இராது. ஒரு பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்குடன் சொல் வழங்குவோர்க்கு, பாரதீய நியாய சன்ஹிதா 79-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுவோர்க்கு 72-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை.

சகோதரர்களே! நாம் வேண்டுவன மூன்று. இத்தகைய விகடம் வந்தால் அடுத்தவர்க்கு அனுப்பாதீர். அனுப்பியவர் மாமனே ஆயினும் மைத்துனனே ஆயினும், "இது தகாது" என்று அக்கணமே சொல்லுங்கள். துன்புற்றுச் சொல்ல வரும் பெண்ணிடம், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேளாமல், 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைத்து அவள் அருகில் நில்லுங்கள்.

நகைச்சுவை நமக்குப் பகையன்று. பிறர் கண்ணீரில் பிறக்கும் நகைப்பே பகை. அதனை நம் இல்லங்களினின்று இன்றே விலக்குவோமாக.