காக்கையையும் எழுதிவையுங்கள்

பெங்களூரிலிருந்து ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி பக்கம் பேருந்தில் போகிறவர்கள், சன்னலோர இடம் கிடைத்தால், மின்கம்பியில் ஒரு பறவையைப் பார்த்திருப்பீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்புதான் தெரியும். சிறகை விரித்து இறங்கினால் கண்ணைப் பறிக்கும் நீலம். அதுதான் பனங்காடை. கர்நாடகத்தின் மாநிலப் பறவையும் அதுவே.

2023 ஆகஸ்டில் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை வெளிவந்தது. பனங்காடை சரிந்துகொண்டே வருகிறது, உலக அளவில் அதன் அபாய நிலையை மறுபடி ஆராய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. சரி, இந்தக் கணக்கை எடுத்தது யார்? ஊர் ஊராகப் போய்க் கம்பிக்குக் கம்பி எண்ணியவர் யார்?

பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, மென்பொருள் எழுதுகிறவர், ஓய்வுபெற்ற பெரியவர், கல்லூரி மாணவர். இப்படி 30,000 பேருக்கு மேல் தந்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள்தான் அந்த அறிக்கையின் முதல். சம்பளம் கிடையாது, காலைத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘இ-பேர்ட்’ என்று ஒரு செயலி உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்துவது. பறவை பார்க்கிறவர் ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்கிறார், அல்லது நடக்கிறார். கண்ணால் கண்டு, காதால் கேட்டு, தனக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பட்டியலிடுகிறார். எத்தனை மணிக்குத் தொடங்கினார், எவ்வளவு தூரம் நடந்தார் என்பதும் கூடவே பதிவாகிறது.

நாட்டில் மொத்தம் எத்தனை பனங்காடை இருக்கிறது என்று இந்தப் பட்டியல்கள் சொல்லாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நூறு பட்டியலை எடுத்தால் எத்தனையில் பனங்காடை வருகிறது என்று பார்க்கலாம். முன்பு முப்பதில் வந்தது, இன்று பதினைந்தில்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடந்த நேரத்தையும் தூரத்தையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றால், பறவை குறைகிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு நிற்பதே ஒரு நம்பிக்கையின் மேல்தான். பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அந்த ஆள் உண்மையிலேயே அதைப் பார்க்கவில்லை என்று நாம் நம்ப வேண்டும். அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவிட்டு, காக்கையையும் புறாவையும் ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் இந்தக் கணக்குக்கு உதவாது. பெரிய லென்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: அவர்கள் எடுக்கும் ஓர் அருமையான படத்தைவிட, காக்கை, மைனா, மாடப்புறா என்று மூன்றே வரி எழுதிய ஒரு முழுப் பட்டியல் விஞ்ஞானிக்குப் பல நேரம் அதிகம் பயன்படும்.

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசிக் கோபுரம் வந்தது, குருவி அழிந்தது என்று நாம் எல்லோரும் ஒருமுறையாவது பேசியிருக்கிறோம். 2012-இல் ‘சிட்டிசன் ஸ்பாரோ’ என்ற பெயரில் மக்களிடமே கேட்டார்கள்: உங்கள் தெருவில் முன்பு குருவி இருந்ததா, இப்போது இருக்கிறதா? 8,000-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து பதில் வந்தது. பிறகு 2020-இல் வெளிவந்த பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது என்றது. குறைவது ஆறு பெருநகரங்களில். அவற்றில் சென்னையும் உண்டு, நம் பெங்களூரும் உண்டு. கோபுரத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அறிக்கை சொன்னது. குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சியும் கூடு கட்டப் பொந்தும் நகரத்தில் அருகிப்போனது பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இதெல்லாம் செயலி வந்த பிறகு தொடங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். வட அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளிலேயே 27 பேர் பறவைகளை எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. பெங்களூரில் 1970-களின் தொடக்கத்தில் ஜோசப் ஜார்ஜ் போன்றவர்கள் பறவை நோக்கர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால் கூடுவது வழக்கம். யார் வேண்டுமானாலும் வரலாம். அவர்கள் எழுதிய குறிப்பேடுகளெல்லாம் சேர்ந்து 1994-இல் பெங்களூர்ப் பறவைகளின் விரிவான பட்டியலாக அச்சேறின. ஊர் இப்படி வீங்குவதற்கு முன்னால் எந்த ஏரியில் என்ன இருந்தது என்று இன்று ஒருவர் கேட்டால், புரட்டிப் பார்க்க நம் கையில் அது இருக்கிறது.

பறவையோடு இது நிற்கவில்லை. இந்த நகரத்துக்குள் தேவாங்கு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இந்திய அறிவியல் கழக வளாகம் போன்ற பழைய மரங்கள் அடர்ந்த இடங்களில் இன்றும் இருக்கிறது. களக்காடு-முண்டந்துறையில் தேவாங்கை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற கபேரி கர் குப்தா, 2014-இல் பெங்களூரில் தன்னார்வலர்களைச் சேர்த்து இதைத் தேடத் தொடங்கினார். விளக்கின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு இரவில் மெல்ல நடப்பார்கள். சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. ஆனால் அந்த வெளிச்சம் பட்டதும் கிளைகளுக்கிடையே இரண்டு கண்கள் தணலாக மின்னும். பல இரவுகளில் ஒன்றும் தென்படாது. அதையும் எழுத வேண்டும். தேவாங்கு தாவாது, கிளையிலிருந்து கிளைக்குப் பற்றிப் பற்றித்தான் போகும். சாலையை அகலப்படுத்த நான்கு மரத்தை வெட்டினால் அதற்கு வழி அறுந்துபோகிறது. எந்த வரிசை மரங்களில் அது நடமாடுகிறது என்ற குறிப்பு கையில் இருந்தால்தான் வெட்டுவதற்கு முன் யாராவது வாதாட முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேவாங்கைப் பார்த்த இடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். மாந்திரீகம் என்ற பெயரில் அதைப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பறவைக் கூட்டின் படத்துக்கும் இதே விதிதான்.

எழுதிவைத்தால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா? நகரத்துக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டா புல்வெளியைப் பாருங்கள். மரம் இல்லாத இடம் என்றாலே நம் கண்ணுக்கு அது தரிசு. அங்கே திரைப்பட நகரம் கட்டும் யோசனைகூட இருந்தது. ஆனால் பறவை பார்க்கிறவர்களுக்கு அந்தப் புல்வெளி அத்துப்படி. பூனைப்பருந்துகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் இடம் அது. 2011-இல் அபூர்வமான வரகுக்கோழி ஒன்று அங்கே தென்பட்டது. அந்தப் புல்வெளியைக் காப்புப் பகுதியாக அறிவிக்கும் யோசனையை மாநில வனவிலங்கு வாரியம் 2021-இல் நிராகரித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2024-இல் அதே வாரியம் 5,600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பைக் காப்புப் பகுதியாக்க ஒப்புதல் தந்தது. பட்டியல்கள் தனியே இதைச் சாதித்தன என்று நான் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டவர்களும் விடாமல் அலைந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ‘இது வெறும் புல்’ என்று சொன்னவர்களுக்குக் காட்டுவதற்கு அவர்கள் கையில் தாள் இருந்தது.

இந்த முறையில் பெரிய ஓட்டையும் இருக்கிறது. பட்டியல் வருவது பறவை இருக்கும் இடத்திலிருந்து அல்ல, பறவை பார்க்கிற ஆள் இருக்கும் இடத்திலிருந்து. 2023 அறிக்கையில் ஆராய்ந்த 942 இனங்களில் நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தகவல் இருந்தது வெறும் 338-க்கு. அவற்றில் 60 விழுக்காடு சரிந்திருந்தன. மற்றவற்றின் கதையைச் சொல்லப் போதிய பட்டியல் இல்லை. லால்பாக்கிலும் ஜக்கூர் ஏரியிலும் தினம் யாராவது எழுதுகிறார்கள். மானாவாரிக் காட்டோரத்தில் யார் எழுதுகிறார்கள்?

பெங்களூர்த் தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பொங்கலுக்கு நம்மில் பாதிப் பேர் தர்மபுரி, திருவண்ணாமலை, சேலம் என்று சொந்த ஊருக்குப் போய்விடுகிறோம். அதே நான்கு நாட்களில் தமிழ்நாட்டில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. ஊர் ஏரிக்கரையிலோ களத்துமேட்டிலோ ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். ஊகித்து எழுத வேண்டாம். ஏதாவது ஒரு செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொன்னாலும், நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதிசெய்யாமல் சேர்க்காதீர்கள். கரிச்சான், கொக்கு, மைனா, காக்கை என்று தெரிந்தவற்றை எழுதுங்கள். கம்பியில் பனங்காடை இருந்தால் அதையும்.