கண்ணகி என்றொரு பெயர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பினரும் ஒரு நினைவைப் பகிர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் ஒரு பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் வகுப்பு இடாப்பில் வசந்திகள் மூவர், சாந்திகள் இருவர் இருந்தார்கள். கண்ணகி ஒருத்திதான். காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் பின்வாங்குகளில் சிரிப்பு எழும். "சிலம்பு எங்கே?" என்று கேட்போம். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அடுப்பைப் பற்றவைக்கும்போது, "அவளைக் கிட்ட விடாதீங்க, கண்டியும் எரிஞ்சு போகும்" என்போம். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில், இனித் தன்னைக் கலா என்று கூப்பிடும்படி கேட்டுக்கொண்டாள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

கண் + நீர் கண்ணீர் என்று இலக்கண பாடத்தில் படித்தோம். கண் + நகி கண்ணகி என்பதும் அதே புணர்ச்சிதான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. நகுதல் என்றால் சிரித்தல். கண்களிலே சிரிப்பை உடையவள் என்பதே அந்தப் பெயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள்.

சிலப்பதிகாரத்தில் மட்டுமன்றிப் புறநானூற்றிலும் ஒரு கண்ணகி உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் பேகனின் மனைவி அவள். அவளைப் பிரிந்திருந்த பேகனிடம் அவளுக்காகக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடினார்கள். இரண்டு கண்ணகியரும் கணவனைப் பிரிந்து வருந்தியவர்கள். அந்த விதி தம் பிள்ளைக்கும் வருமோ என்று பெற்றோர் அஞ்சுவதாலேயே இந்தப் பெயர் அரிதாயிற்று என்பார்கள். கோயிலில் கும்பிடுவார்கள், தொட்டிலில் இட்டுக் கூப்பிடமாட்டார்கள்.

எங்கள் தோழிக்குப் பெயர் வைத்தவர் அவளுடைய அம்மம்மா, மட்டக்களப்புப் பக்கத்தவர். அங்கே கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை படிப்பார்கள். இறுதியில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபம் தணிந்து, மழை தந்து நோயை விலக்கும் தாயாகவே அவளை அங்கே வணங்குகிறார்கள். கண்ணகைப்பிள்ளை, பத்தினிப்பிள்ளை என்ற பெயர்கள் அப்பகுதியின் பழைய தலைமுறைப் பெண்களிடம் உண்டு. நாங்கள் நெருப்பைக் கண்ட பெயரில் அந்த அம்மம்மா குளிர்ச்சியைக் கண்டிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. தலதா மாளிகைக்கு எதிரே இருக்கும் பத்தினி தேவாலயத்தைத் தாண்டி எத்தனை தடவை நடந்திருப்போம்! அந்தப் பத்தினி நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் அவளுக்கு எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவனே கஜபாகு, பத்தினி வழிபாட்டை இங்கு கொண்டுவந்தவன் அவன் என்பது சிங்கள மரபு. எசல பெரஹரவில் மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்கள் வர, கடைசியாகப் பத்தினி தேவாலய ஊர்வலம் வரும். அதிலே பெண்கள் ஆடி வருவார்கள். நடைபாதையில் பாய் விரித்து அவளோடு சேர்ந்தே பார்த்தோம். "இது உன் பெயர்க்காரிக்கு எடுக்கிற விழா" என்று எங்களில் ஒருத்தியும் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்த மலருக்காகப் பெயர் திரட்டியபோது வெளிநாட்டிலிருந்து அவளுடைய படிவம் வந்தது. பெயருக்கு எதிரே கண்ணகி என்று எழுதி, "கலா என்று போட வேண்டாம்" என்றும் குறித்திருந்தாள். தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அம்மம்மா சாகும்வரைக்கும் என்னைக் கண்ணகை என்றுதான் கூப்பிட்டா. பள்ளிக்கூடத்தில நான் கலா என்று அவவுக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்று எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

இன்றைய மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இடாப்பிலும் கேட்டுப் பழகாத பெயர் ஒன்று இருக்கும். சிரிக்குமுன் அதன் பொருளைக் கேளுங்கள். வைத்தவர் யார் என்றும் கேளுங்கள்.

மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பின் பெயர்ப்பட்டியலில் கண்ணகி என்றே அச்சிடுங்கள்.