ஊர் மைதானமும் பெண்கள் கால்பந்தும்

(சேலம், நாமக்கல் வட்டாரங்களின் ஊராட்சித் தலைவர்கள், மகளிர் குழுவினர், உடற்கல்வி ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்பொழுது சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பால் சங்கம் ஆகியவற்றை நாம் மறப்பதில்லை. விளையாட்டு மைதானம் என்றால் மட்டும், "பையன்கள் எங்கேயாவது ஆடிக்கொள்வார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். பெண் குழந்தைகள் எங்கே ஆடுவார்கள் என்ற கேள்வியோ எழுவதே இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் தமிழ்ப் பெண்களுக்குக் கால்பந்து வருமா என்று ஐயுற இனி இடமில்லை. 2018ஆம் ஆண்டு கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டு அணி, பலம் பொருந்திய மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் வென்று முதன்முறையாக வாகை சூடியது. அடுத்த ஆண்டு, மதுரையின் சேது கால்பந்துக் கழகம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் போட்டியில் மணிப்பூர்ப் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கொணர்ந்தது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது. இந்தியாவுக்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் நம் மாநிலக் காவல் துறையில் சப் இன்ஸ்பெக்டர். ஆட்டத்தால் பெண்ணின் வாழ்வு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் 2019இன் வெற்றியில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மதுரையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரே ஊரில், மே மாத வெயிலில், மூன்று வாரங்களுக்குள் அந்தப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்து முடிந்துவிட்டது. லீக் என்பது பெயர். நடந்தது ஒரு திருவிழா. திருவிழா முடிந்தபின் எஞ்சிய மாதங்களில் அந்தப் பெண்கள் எதை நம்பிப் பயிற்சி செய்வது? எந்த ஊதியத்தைக் காட்டி வீட்டாரிடம் பதில் சொல்வது? பெற்ற தாய் தன் மகள் ஆடுவதைக் கண்ணால் காண வழி ஏது?

நம் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடாத ஊர் குறைவு. கிழங்கு திரள ஒன்பது, பத்து மாதம் மண்ணில் இருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபதாம் நாள் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணில் கிழங்கு விளையாது" என்று எந்தக் குடியானவரும் சொல்லமாட்டார். விளையாட்டுக்கும் இந்த நியாயமே பொருந்தும். பருவம் நீண்டால்தான் விளைவு உண்டு.

இந்த உண்மையை உணர்ந்தே 2023இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இரு மாறுதல்களைச் செய்தது. லீக்கின் முதல் வரிசைக் கழகங்கள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3,20,000 ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் அளிக்க வேண்டும் என்று அறிவித்தது. ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறையும் அவ்வாண்டு இறுதியில் தொடங்கிற்று. 2024-25இல் எட்டு அணிகள், அணிக்குப் பதினான்கு ஆட்டங்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆடின. ஈஸ்ட் பெங்கால் அணி பட்டம் வென்றது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். முழுநேரத் தொழிலாக இன்னும் மலராவிடினும், வழி திறந்திருக்கிறது.

மைதானம் மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்று. பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் ஓர் அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூலில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன்னைச் சேர்ந்த கழகங்கள் பெண்களுக்கு மைதானம் தரலாகாது என்று தடை விதித்தது. பெண்கள் ஆடலாகாது என்று சட்டம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இடத்தைப் பூட்டியதே போதுமானதாயிற்று. தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. நம் ஊர்களில் அத்தகைய தடை யாரும் போடவில்லை. எனினும் மாலையில் மைதானம் முழுவதும் பையன்கள் வசம் இருந்தால், பெண்ணுக்கு விளைவது அதே தடைதான்.

நம் மாவட்டத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியக் கிரிக்கெட் அணியில் இடம் பெற்றபின், தம் ஊரிலேயே மைதானம் அமைத்து 2023இல் திறந்தார். தாம் பட்ட குறையை அடுத்த தலைமுறை படக்கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அந்த எண்ணம் பெண் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. முழு மைதானத்துக்கு ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் நிலம் வேண்டும். எழுவர் அணிகள் ஆடுவதற்கு அறுபது சென்ட் போதும். கல், முள் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவி, இரு முனையிலும் கம்பம் நட்டால் ஆடுகளம் தயார். ஊராட்சிகளுக்கு அரசு 2024 முதல் வழங்கிய விளையாட்டு உபகரணத் தொகுப்பைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டாமல் வெளியே எடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகள், ஒன்றரை மணி நேரம், மைதானம் பெண்களுக்கே உரியது என்று ஊராட்சி தீர்மானம் செய்ய வேண்டும். குடிநீரும், உடை மாற்ற ஓர் அறையும், கழிப்பிடமும் அருகில் இருக்கட்டும். மகளிர் குழுவிலிருந்து இருவர் முறை வைத்து உடன் இருந்தால் பெற்றோர் அச்சமின்றி அனுப்புவர்.

பிறகு அடுத்தடுத்த ஆறு ஊர்கள் சேர்ந்து ஒரு சிறு லீக் அமைக்கலாம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் தன் ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை ஆடினால் அணிக்குப் பத்து ஆட்டங்கள். சனிக்கிழமைதோறும் ஆடினால் பத்து வாரங்கள். பள்ளி திறந்தபின் ஆனியில் தொடங்கினால், புரட்டாசி மழைக்கு முன் முடித்துவிடலாம். தேர்வுக் காலத்தையும் தொடாது. கோப்பை சிறிதாயினும் குற்றமில்லை. பத்து வாரமும் தவறாமல் ஆட்டம் நடக்க வேண்டும் என்பதே முக்கியம்.

நண்பர்களே! தறிப்பட்டறையிலும் ஆலையிலும் வயலிலும் உழைக்கும் தாய், தன் ஊர் மைதானத்தின் ஓரத்தில் நின்று தன் மகள் ஆடுவதைக் காணட்டும். அவளுக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தால், மகளை ஆட்டத்திலிருந்து நிறுத்தும்படி சொல்பவர்களுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.